தாங்கும் செல்கள் தூங்கும் செல்களா?

தேரோட்டம் பார்க்கச் செல்வோரின் கண்களெல்லாம் தேரின் உச்சியில்தான் இருக்கும். வடம் பிடித்து இழுப்பவர்களையாவது சிலர் பார்ப்பார்கள். சக்கரத்தின் அருகே குனிந்து, முட்டுக்கட்டையைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே போகிறாரே ஒருவர், அவரை யார் பார்க்கிறார்கள்? அவர் கை ஒரு கணம் பிந்தினால் தேர் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. நம் உடலுக்குள்ளும் இப்படி ஒரு தேர் இரவும் பகலும் ஓடுகிறது. அதற்கு நரம்பு மண்டலம் என்று பெயர். அங்கே முட்டுக்கட்டை போடும் தொழிலாளர்களுக்காகப் பரிந்து பேசவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் பற்றிய பாடம் உண்டு. நியூரானின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கத் தெரியாத மாணவி எங்கள் வகுப்பில் இல்லை. சைட்டான், டெண்ட்ரைட்டு, ஆக்சான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். ஆனால் அந்த நியூரான்களோடு கூடவே வாழும் நியூரோகிளியா செல்களைப் பற்றிக் கேட்டால், “அவை தாங்கும் செல்கள், தூண்டலைக் கடத்துவதில்லை” என்று இரண்டே வரியில் விடை முடிந்துவிடுகிறது. ஒருவரைப் பிறருக்கு அறிமுகம் செய்யும்போது, ‘இவர் இன்ன வேலையைச் செய்யமாட்டார்’ என்று மட்டும் சொல்வது முறையாகுமா? என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டாமா? இச்செல்களை வெறும் எடுபிடிகளாக ஒதுக்குவது அறிவியலுக்கும் பொருந்தாது. நம் உடல்நலத்துக்கும் நல்லதன்று. இதுவே எங்கள் கருத்து. ஏன் என்பதை ஒவ்வொன்றாகக் கூறுகிறோம்.

முதலில் நியூரானுக்குரிய பெருமையை நியூரானுக்கே கொடுத்துவிடுவோம். ஓய்வாக இருக்கும் நியூரானின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது. தூண்டல் வந்ததும் அதன் சவ்விலுள்ள நுண்ணிய கதவுகள் திறக்கின்றன. வெளியிலிருந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அடுத்து, உள்ளிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. இம்மாற்றம் பக்கத்து இடத்தைத் தூண்டுகிறது. அது அதற்கடுத்த இடத்தைத் தூண்டுகிறது. இப்படியே செய்தி ஆக்சான் நெடுகிலும் ஓடுகிறது. ஆக்சானின் முனையை அடைந்ததும் அங்கே ஒரு வேதிப்பொருள் சுரந்து, சிறு இடைவெளியைக் கடந்து, அடுத்த செல்லை எழுப்புகிறது. நாம் பார்ப்பதும் கேட்பதும், ஏன், இவ்வரிகளைப் படிப்பதும்கூட இதனால்தான். வியப்புக்குரிய வேலை என்பதில் ஐயமில்லை.

இந்த ஆக்சானை மின்கம்பிக்கும், அதைச் சுற்றியுள்ள மயலின் உறையைக் கம்பியின் மேலுள்ள ரப்பர் உறைக்கும் ஒப்பிடுவது வழக்கம். எளிதில் விளங்கும் உவமைதான். ஆனால், எங்கள் குறையெல்லாம் இந்த உவமையின்மீதே. ரப்பர் உயிரற்ற பொருள். அது கம்பியை மூடுமே தவிர, கம்பிக்குச் சோறு போடாது. கம்பிக்குப் பசிப்பதும் இல்லை. மயலின் உறையோ உயிருள்ள ஒரு செல்லின் உடம்பு! கைகால் நரம்புகளில் ஷ்வான் செல் என்னும் தாங்கும் செல், பாயைச் சுருட்டுவதுபோலத் தன் சவ்வை ஆக்சானின்மேல் பல சுற்றுகள் சுற்றிக் கொள்கிறது. ஒரு ஷ்வான் செல் போர்த்துவது மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தைத்தான். அதற்கப்பால் அடுத்த ஷ்வான் செல் பொறுப்பேற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும் சிறு இடைவெளிக்கு ரேன்வியர் கணு என்று பெயர். செய்தி கணுவிலிருந்து கணுவுக்குத் தாவித் தாவிச் செல்வதால்தான் விரைவாகப் போகிறது.

எவ்வளவு விரைவு தெரியுமா? மயலின் உறை நன்கு தடித்த நரம்பிழையில் ஒரு விநாடிக்கு 100 மீட்டருக்கும் மேல் செய்தி ஓடும். மயலின் உறை இல்லாத மெல்லிய இழையில் ஒரு விநாடிக்கு இரண்டு மீட்டர்கூடப் போவது அரிது. இதனை அறியச் சோதனைக்கூடம் தேவையில்லை. கால் விரல் கல்லில் இடித்துக்கொண்டால் முதலில் ‘சுருக்’கென்று ஒரு வலி, கண நேரம் கழித்து ‘விண்விண்’ என்று இன்னொரு வலி. முதல் வலி மெல்லிய மயலின் உறையுள்ள இழையில் முந்தி வந்தது. இரண்டாவது வலி உறையில்லா இழையில் நடந்து வந்தது. அந்த உறையில்லா இழைகளையும் ஷ்வான் செல்கள் கைவிடுவதில்லை. மயலின் சுற்றாவிட்டாலும், பல இழைகளை ஒன்றாகத் தம் மடியில் ஏந்தியபடி காக்கின்றன.

இனி உணவுக்கு வருவோம். நம் முதுகின் அடிப்பகுதியிலிருந்து கால் விரலுக்குச் செல்லும் ஆக்சான் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் உடையது. அதற்குத் தேவையான புரதங்கள் பெரும்பாலும் செல் உடலில்தான் தயாராகின்றன. அங்கிருந்து புறப்படும் சரக்குகளில் மிக விரைவானவைகூட ஒரு நாளில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான் நகரும். மெதுவானவை ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான். இந்தக் கணக்கில் தலைமையகத்தை மட்டும் நம்பியிருந்தால் கால் விரலில் உள்ள நரம்பு முனையின் கதி என்னவாகும்? அருகிலேயே குடியிருந்து, எரிபொருளாகும் பொருள்களை அவ்வப்போது ஊட்டி வருபவை அதே ஷ்வான் செல்கள்தாம் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. கையில் வெட்டுப்பட்டு ஆக்சான் அறுந்துவிட்டாலோ, சிதைந்த பகுதியை அப்புறப்படுத்த உதவி, வரிசையாக நின்று, புதிய ஆக்சான் வளர வழி அமைத்துக் கொடுப்பவையும் அவையே. அந்த வழியில் ஆக்சான் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளர்கிறது. எந்த ரப்பர் உறையாவது அறுந்த கம்பியை வளர்த்தது உண்டா?

மூளையிலும் தண்டுவடத்திலும் வேறு தாங்கும் செல்கள் உள்ளன. அங்கே மயலின் உறை போடுபவை ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள். ஒரு செல்லே பல கைகளை நீட்டிப் பல ஆக்சான்களுக்குப் போர்வை போர்த்தும். நட்சத்திர வடிவில் இருப்பவை ஆஸ்ட்ரோசைட்டுகள். ஒரு நியூரான் மற்றொன்றுக்குச் செய்தி சொல்லும்போது சிந்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை உடனுக்குடன் அள்ளித் துப்புரவு செய்வது இவற்றின் பணி. அள்ளாமல் விட்டால் அது தேங்கி, நியூரான்களை ஓயாமல் தூண்டித் தூண்டியே சாகடித்துவிடும். இரத்தக் குழாய்களைத் தழுவி நின்று, மூளைக்குள் கண்டது கடியது நுழையாதபடி காக்கும் வேலியைப் பேணுவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. மூன்றாவது வகை மைக்ரோகிளியா. இவை காவற்காரர்கள். கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்குகின்றன. வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளைக் களையெடுக்கின்றன.

இத்தனை வேலை செய்பவற்றுக்கு நாம் வைத்த பெயர் என்ன? 1856ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்ச்சோ இவற்றுக்கு நியூரோகிளியா என்று பெயரிட்டார். கிளியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். அதாவது, நரம்புகளை ஒட்டிவைக்கும் கோந்து! அவரைக் குறை கூறுவதற்கில்லை. அந்நாளில் இருந்த உருப்பெருக்கிகளில் அவ்வளவுதான் தெரிந்தது. 1873ஆம் ஆண்டு இத்தாலியில் கமில்லோ கோல்ஜி என்ற மருத்துவர், மருத்துவமனைச் சமையலறை ஒன்றை ஆய்வுக்கூடமாக்கி, வெள்ளி உப்பினால் நரம்பு செல்களைக் கறுப்பாக்கிக் காட்டும் முறையைக் கண்டார். ஸ்பெயின் நாட்டின் ரமோன் ஈ கஹால் அம்முறையைச் செம்மைப்படுத்தி, ஒவ்வொரு நியூரானும் தனித்தனிச் செல் என்று வாதிட்டார். 1906ஆம் ஆண்டு இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நியூரான் புகழின் உச்சியில் ஏறியது. கஹாலிடம் பயின்ற டெல் ரியோ ஹோர்ட்டேகா 1919ஆம் ஆண்டு மைக்ரோகிளியாவையும், 1921ஆம் ஆண்டு ஆலிகோடெண்ட்ரோசைட்டுகளையும் பிரித்துக் காட்டினார். ஆயினும் கோந்து என்ற பெயர் கோந்தாகவே ஒட்டிக்கொண்டது.

இன்னும் ஒரு வேடிக்கையைக் கூற வேண்டும். நோய் இல்லாத வேளையில் மைக்ரோகிளியாவை ‘ஓய்வில் உள்ள மைக்ரோகிளியா’ என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் எழுதி வந்தனர். 2005ஆம் ஆண்டு உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கி வழியே உற்று நோக்கியபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த ‘ஓய்வாளர்கள்’ மெல்லிய கைகளை நீட்டியும் மடக்கியும் இடைவிடாமல் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தன! தாங்கும் செல்கள் தூங்கும் செல்கள் அல்ல. அவற்றைப் பார்க்க நமக்குத்தான் விழிப்பு வரவில்லை.

எண்ணிக்கையிலும் இப்படியே ஒரு தடுமாற்றம் இருந்தது. ஒரு நியூரானுக்குப் பத்துத் தாங்கும் செல்கள் என்று பல ஆண்டுகள் நூல்களில் எழுதப்பட்டது. 2009ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து, மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்களும், ஏறக்குறைய அதே அளவு மற்றச் செல்களும் இருப்பதாக அறிவித்தனர். எண்ணிக்கையில் ஏறத்தாழச் சமமாக நிற்பவர்களுக்கு ஏட்டில் இரண்டே வரி கொடுப்பது நியாயமா?

எங்களைப் போன்ற மாணவியரும் எங்கள் பெற்றோரும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மயலின் போர்த்தும் வேலை பிறக்கும்போதே முடிந்துவிடுவதில்லை. குழந்தை தவழ்ந்து, நின்று, நடக்கும் காலமெல்லாம் அது நடக்கிறது. நிதானித்து முடிவு செய்ய உதவும் மூளையின் முன்பகுதியில் இருபது வயதைத் தாண்டியும் அவ்வேலை தொடர்கிறது. ‘வளர்ந்த பெண், இன்னும் பொறுப்பு வரவில்லையே’ என்று எங்களைக் கடிந்துகொள்ளும் அன்னையர் இதைச் சற்றே மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். 2014ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஆய்வு ஒன்றில், புதிய ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் தோன்றாதபடி தடுக்கப்பட்ட சுண்டெலிகள், படிகள் சீராக இல்லாத சக்கரத்தில் ஓடும் வித்தையைச் சரிவரக் கற்க இயலாமல் போயின. ஆக, கற்பதற்கும் தாங்கும் செல்கள் வேண்டும். தட்டச்சோ வீணையோ தையலோ, பழகப் பழகக் கை வருவதில் இவற்றுக்கும் பங்கு உண்டு என்று எண்ண இது இடம் தருகிறது.

சரி, இவையெல்லாம் அறிவியல் விருந்து. இதனால் நம் வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். தாங்கும் செல் ஒன்று நோய்வாய்ப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் கண்கூடான சான்று ஒன்று இருக்கிறது. அதன் பெயர் தொழுநோய்.

மேலே கூறிய அதே 1873ஆம் ஆண்டில்தான் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் அருட்தந்தை தமியான், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காயில், ஒதுக்கி வைக்கப்பட்ட நோயாளிகளிடையே பணி செய்யச் சென்று இறங்கினார். பதினொரு ஆண்டுகள் கழித்து ஒரு நாள், கொதிக்கும் நீர் காலில் பட்டும் அவருக்கு வலி தெரியவில்லை. தமக்கும் அந்நோய் கண்டிருப்பதை அதனால் அறிந்தார் என்பது நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட வரலாறு. ஏன் வலி தெரியவில்லை? அதற்கு விடை தருபவை ஷ்வான் செல்களே.

தொழுநோய்க் கிருமிக்கு வெப்பம் குறைந்த இடங்கள் பிடிக்கும். ஆகவே கை, கால், காது, முகம் ஆகிய புறப்பகுதிகளை நாடுகிறது. அங்குள்ள நரம்புகளில் ஷ்வான் செல்லுக்குள் புகுந்து குடியேறுகிறது. அவசரமே இல்லாத கிருமி அது. ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நோய்க்குறி தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள். சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். ஷ்வான் செல் தளர, அதனால் வாழ்ந்த ஆக்சானும் தளர்கிறது. கிருமியை எதிர்க்க உடல் தொடுக்கும் போரினால் நரம்பு வீங்கி மேலும் நசுங்குகிறது. சூடு தெரியாது, குத்தினால் தெரியாது, வியர்வையும் வராது. உவமையில் சொன்ன ரப்பர் உறை கெட்டால் கம்பி சாகாது. தாங்கும் செல் கெட்டால் நரம்பு சாகிறது. எங்கள் வாதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற அவர், மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அதைவிடப் பெரிய உண்மை ஒன்றையும் உலகுக்கு உணர்த்தினார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் தாமாகவே அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால், சுடுபாத்திரத்தைப் பற்றியும், முள் குத்திய காலோடு நடந்தும், புண்ணைப் பொருட்படுத்தாமலும் விரல்களை இழக்கின்றனர். இரவில் உறங்கும்போது எலி வந்து விரலைக் கடித்தாலும் தெரியாமல் கிடந்த நோயாளிகள் இருந்தனராம். அதற்காகவே அவர்களுக்குப் பூனைகள் வளர்க்கக் கொடுத்தார்களாம். வலியை நாம் சாபம் என்கிறோம். வலி இல்லாத வாழ்வு எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலைய வாசலில் பூ விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். மகள் தொடுத்துக் கொடுக்க, இவர் முழம் போட்டு விற்பார். வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்நோக்கி மடங்கியே இருக்கும். அந்தக் கையைப் பார்த்துவிட்டு, எடுத்த பூவைத் திரும்ப வைத்துவிட்டுப் போனவர்களை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். அவர் எங்களிடம் சொன்னதை அப்படியே தருகிறோம்: “மொதல்ல முழங்கைக்குக் கீழ ஒரு வெளுப்பு, பாப்பா. தேமல்னு நெனச்சேன். அரிப்பும் இல்ல, வலியும் இல்ல. அப்புறம் சந்தேகம் வந்துச்சு. ஆனா தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணுமே! நாலு வருசம் முந்தானையால மூடிக்கிட்டே இருந்தேன். வெரல் மடங்கின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு வருசம் மாத்திரை குடுத்தாங்க, நல்லாப் போச்சு. மாத்திரை முடிச்சே பன்னெண்டு வருசம் ஆவுது. வெரலுதான் நிமிரல.”

அவர் விரலை மடக்கியது கிருமி மட்டுமா? அந்த நான்கு ஆண்டு அச்சத்துக்கு அதில் பங்கு இல்லையா? வெளுப்பு தோன்றிய முதல் மாதத்திலேயே சென்றிருந்தால், இன்று அவர் மகளோடு சேர்ந்து தாமும் பூத் தொடுத்துக்கொண்டிருப்பார்.

‘தொழுநோய்தான் ஒழிந்துவிட்டதே’ என்று சிலர் கூறுகின்றனர். 2005ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நாடு எட்டிய நிலை, பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்பதே. ஒருவரும் இல்லை என்று அதற்குப் பொருளன்று. 2023ஆம் ஆண்டு உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். ‘தொட்டால் ஒட்டிக்கொள்ளும்’ என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். மனிதரில் மிகப் பெரும்பாலோர்க்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்து உண்ணாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழ்ந்தால்தான் தொற்றக்கூடும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பரப்பும் தன்மை போய்விடுகிறது. பரம்பரை நோய் என்பதும் பொய். 1981ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயை முற்றிலும் குணப்படுத்துகிறது. 1995ஆம் ஆண்டிலிருந்து அம்மருந்து உலகெங்கும் இலவசம்.

சட்டம்கூட மனம் மாறிவிட்டது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்றிருந்த விதிகள் 2019ஆம் ஆண்டு எடுக்கப்பட்டன. சட்டப் புத்தகம் திருந்திய பிறகும் நம் நாக்கு திருந்தாமல் இருக்கலாமா? விளையாட்டுச் சண்டையிலும் தெருச் சண்டையிலும் இந்நோயின் பழைய பெயரை வசைச்சொல்லாக வீசுகிறார்களே, அச்சொல் காதில் விழும் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள வெளுப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொள்ளத்தானே செய்வார்கள்?

‘ஏற்கனவே பாடச்சுமை தாங்கவில்லை, தாங்கும் செல்களையும் சேர்த்துச் சுமக்கச் சொல்கிறீர்களே’ என்று எங்கள் தோழியரே முணுமுணுப்பது காதில் விழுகிறது. இரண்டு பக்கம் கூட்டச் சொல்லவில்லை. ஷ்வான் செல்லின் பெயரைப் படத்தில் அம்புக்குறி போட்டு எழுதும்போது, ‘இது உயிருள்ளது; நரம்பை ஊட்டி வளர்ப்பது; தொழுநோய்க் கிருமி தங்குமிடம் இதுவே’ என்று ஒரு வரியை ஆசிரியர் கூறினால் போதும். ரப்பர் உறை உவமையைச் சொன்னால், அது எங்கே பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். வெந்நீர் பட்டும் வலிக்காத கதையைக் கேட்ட மாணவி, ஷ்வான் செல்லைத் தேர்வுக்குப் பின்னும் மறக்கமாட்டாள். மதிப்பெண்ணுக்காகப் படித்தது மறந்துபோகும். மனிதருக்காகப் படித்தது நிலைக்கும்.

அதோடு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் தோலைச் சோதித்துக்கொள்ளும் பழக்கம் பள்ளியிலும் வீட்டிலும் வர வேண்டும். மகாத்மா காந்தியின் நினைவு நாளான சனவரி 30ஆம் நாளை நம் நாடு தொழுநோய் ஒழிப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. சேவாகிராமத்தில் தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரியின் புண்களைத் தம் கையாலேயே பேணியவர் அவர். அந்நாளில் கைகோத்து உறுதிமொழி எடுத்தால் மட்டும் போதுமா? ஒரு துண்டுப் பஞ்சும் ஐந்து நிமிடமும் ஒதுக்கக் கூடாதா?

செய்முறை எளிது. உடலில் எங்கேனும் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ சிவந்தோ ஒரு படை இருந்தால், அவரைக் கண்களை மூடச் சொல்லுங்கள். பஞ்சின் நுனியாலோ பேனா முனையாலோ படையின்மீதும், நல்ல தோலின்மீதும் மாறி மாறி மெல்லத் தொடுங்கள். எங்கே தொட்டோம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். படையின்மீது தொட்டது தெரியவில்லை என்றால், அங்கே ஷ்வான் செல்கள் உதவி கேட்டுக் காத்திருக்கின்றன என்று கொள்ளலாம். அப்படி உணர்ச்சி இருந்தாலும், படை நாள்பட்டதாயின் மருத்துவரிடம் காட்டுவதே நன்று. அதற்காக யாரும் அழ வேண்டாம். யாரிடமும் ஒளிக்க வேண்டாம். கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மறுநாள் காலை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால் போதும். துணைக்கு ஆள் இல்லை என்றால், மாணவியராகிய நாங்கள் உடன் வருகிறோம்.

— ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு